ஒரே அறையில் இரண்டு சூரியன்

விளம்பரப் படம் ஒன்றுக்கான பேச்சுவார்த்தையில் வாடிக்கையாளர் தரப்பு ஒரு படத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தது. பழைய நூலகக் கூடம், நடுவில் ஒரு பெண். இடப்பக்க ஜன்னலிலிருந்து வெயில் கற்றை கற்றையாக இறங்குகிறது. எதிரே வலப்பக்க ஜன்னலிலிருந்தும் அதேபோல் இறங்குகிறது. "இப்படியேதான் வேண்டும்" என்றார்கள். எதிரெதிர் ஜன்னல்களில் ஒரே நேரத்தில் நேர்வெயில் விழ வேண்டுமானால் வானத்தில் இரண்டு சூரியன் வேண்டும் என்று நான் சொன்னபோது, ஏதோ சாக்குச் சொல்வதாகத்தான் நினைத்தார்கள்.

அந்தப் படம் செயற்கை நுண்ணறிவுக் கருவி உருவாக்கியது. ஒளிப்பதிவு என் தொழில். படப்பிடிப்புக்கு முன் காட்சியின் சாயலைக் காட்டுவதற்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை நானும் பயன்படுத்துகிறேன். கருவியின்மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் 'சினிமாட்டிக்' (சினிமாவைப் போன்ற) என்ற ஒற்றைச் சொல்லின்மேல்தான்.

அந்தச் சொல்லைக் கருவிக்கு எழுதும்போது நாம் விளைவைக் கேட்கிறோம், காரணத்தைச் சொல்வதில்லை. சொல்லாத இடத்தையெல்லாம் கருவி, தான் கற்ற படங்களில் அடிக்கடி வந்ததை வைத்து நிரப்பிவிடும். அது எப்படியிருக்கும் என்பது இப்போது எல்லோருக்கும் மனப்பாடம்: முகத்தில் ஆரஞ்சு, நிழலில் பச்சை கலந்த நீலம், எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத புகை, தலைமுடியின் இரு ஓரத்திலும் வெள்ளிக்கோடு, நட்டநடுவில் நின்று நம்மையே முறைக்கும் ஆள்.

கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பலர் எழுதும் ப்ராம்ப்ட், அதாவது கருவிக்கு எழுத்தில் தரும் கட்டளை, இப்படி இருக்கும்: "கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர், சினிமாட்டிக், 8கே, மிக யதார்த்தம், தலைசிறந்த படைப்பு, பிரமாதமான ஒளி." முதல் மூன்று சொற்களைத் தவிர மீதியெல்லாம் பாராட்டு. இன்னும் பிறக்காத படத்துக்கு முன்கூட்டியே பாராட்டு!

நான் எழுதியது இது: "இரவு. சிறிய பட்டறை. மேசைமேல் வளைகழுத்து விளக்கு ஒன்று மட்டும் எரிகிறது, முதியவரின் இடப்பக்கம், முகவாய்க்குக் கீழே. இடக் கன்னத்தில் மஞ்சள் வெளிச்சம், வலக் கன்னம் ஏறக்குறைய இருட்டு. பின்சுவரில் கடிகாரங்கள் மங்கலாக. கேமரா மேசை மட்டத்தில், பக்கவாட்டில். ஒரு கண்ணில் உருப்பெருக்கி. பார்வை முழுவதும் கையிலிருக்கும் பல்சக்கரத்தில்."

வந்த படத்தில் முதியவர் பேய்க்கதை சொல்லப் போகிறவர்போல் இருந்தார். தவறு என்னுடையதுதான். கீழிருந்து அடிக்கும் ஒளி யாரையும் மிரட்டலாகக் காட்டும். 'முகவாய்க்குக் கீழே' என்பதை 'நெற்றிக்குச் சற்று மேலே' என்று மாற்றினேன், வேறெதையும் தொடவில்லை. கண்குழிகளில் நிழல் இறங்கி, பல வருடங்களாகக் குனிந்தே வேலை பார்த்த மனிதர் கிடைத்தார். படப்பிடிப்புத் தளத்தில் விளக்கை ஓரடி உயர்த்துவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

லென்ஸின் குவியத்தூரம், துளை அளவு ஆகிய எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. '85 மி.மீ., எஃப் 1.8' என்று எழுதிவிட்டால் நுட்பமாக எழுதிவிட்டதாகப் பலருக்கு நிறைவு. கருவிக்குள் லென்ஸ் கிடையாது. அந்த எண்ணோடு சேர்ந்துவந்த படங்கள் எப்படியிருந்தன என்ற பழக்கம்தான் அதற்கு உண்டு. ஆகவே, எண் சில சமயம் கைகொடுக்கும், சில சமயம் சும்மா கிடக்கும். 'முகம் ஃபிரேமை நிறைக்கிறது, பின்னணி கரைந்து தெரிகிறது' என்று கண்ணுக்குத் தெரிவதை எழுதுவது நம்பகமானது. ஒளியின் நிறத்தைக் குறிக்கும் '3200 கெல்வின்' என்பதைவிட 'பழைய குண்டு பல்பின் மஞ்சள்' நன்றாக வேலை செய்கிறது. அகலத்திரைப் படங்களுக்கான லென்ஸ் வகையைக் குறிக்கும் 'அனமார்ஃபிக்' மட்டும் விதிவிலக்கு. அந்தச் சொல்லுக்கு முட்டை வடிவில் மங்கும் விளக்குப் புள்ளிகளும், கிடைமட்டமாகக் கீறும் ஒளிக்கோடும் பெரும்பாலும் வந்துவிடுகின்றன. 2.39:1 போன்ற அகலத்திரை விகிதத்தை வாக்கியத்தில் எழுதிப் பல கருவிகளில் பயனில்லை, அதற்கென அமைப்பு இருந்தால் அங்கே தேர்ந்தெடுப்பதே நல்லது.

முக்கியமானதை முதலில் எழுதுங்கள். 2022இல் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படமாக்கும் கருவியின் முதல் பதிப்பு 77 டோக்கன்களுக்கு (சொற்கள் அல்லது சொல்துண்டுகளுக்கு) மேல் படிக்காது, மிச்சத்தை வெட்டிவிடும். புதிய கருவிகள் நீண்ட பத்தியையும் படிக்கின்றன என்றாலும் இந்தப் பழக்கம் கெடுதல் செய்யாது. 'புகை வேண்டாம்' என்று எழுதினால் பல நேரங்களில் புகையே வந்து நிற்கும். வேண்டாதவற்றுக்குத் தனிப்பெட்டி இருந்தால் அங்கே போடுங்கள், இல்லாவிட்டால் 'தெளிந்த காற்று' என்று எழுதுங்கள்.

இப்போது வாழும் ஒளிப்பதிவாளர் ஒருவரின் பெயரைப் போட்டு 'அவர் பாணியில்' என்று கேட்கும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். அவர் ஒரு விளக்கை எங்கே வைத்தார், ஏன் வைத்தார் என்று யோசித்து எழுதினால் எனக்கும் கொஞ்சம் தொழில் ஏறுகிறது. தெரிந்தவர் முகத்தை அவர் அனுமதியில்லாமல் இதில் ஏற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை, கூடாது.

வாடிக்கையாளருக்கு அனுப்பும் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் 'செயற்கை நுண்ணறிவால் உருவாக்கியது, எடுத்த காட்சி அல்ல' என்று எழுத்தாகவே பதித்துவிடுகிறேன். கோப்புக்குள் மறைந்திருக்கும் அடையாளத் தகவல் ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் காணாமல் போய்விடும். அந்த நூலகப் படமும் அப்படித்தான் நாலு கை மாறி, யாரோ எங்கோ எடுத்த புகைப்படம் என்ற நம்பிக்கையோடு என் முன் வந்தது.

கடைசியில் வலப்பக்க ஜன்னலுக்கு வெளியே சாரம் கட்டி, பெரிய விளக்கொன்றை ஏற்றி இரண்டாவது சூரியனை உண்டாக்கினோம். அரை நாள் போயிற்று. அன்றிலிருந்து யாருக்கும் படம் அனுப்புமுன் பெரிதாக்கி இரண்டு இடங்களைப் பார்த்துவிடுகிறேன்: தரையில் நிழல்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன, இரு கண்களிலும் ஒளிப்புள்ளி ஒரே பக்கம் விழுந்திருக்கிறதா. கடிகாரக்காரரின் உருப்பெருக்கியில் மேசைவிளக்குக்குப் பதிலாக ஒரு ஜன்னல் தெரிந்தது. அந்தப் பட்டறையில் ஜன்னலே கிடையாது. அந்த இடத்தை மட்டும் திருத்தி அனுப்பினேன்.