சேலத்து வெள்ளைக்கல் சுரங்கத்தில் எந்தக் கல்லை எடுப்பது?

ஜியாலஜி மாணவர்களைக் கனிமம் சேகரிக்கக் கூட்டிப்போனால், பஸ்ஸை விட்டு இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே பாதிப் பேருடைய பை நிறைந்துவிடும். பளபளக்கிற கல், தூய வெள்ளையாக இருக்கிற கல், படிகம் தெரிகிற கல் எல்லாம் உள்ளே போய்விடும். என் கட்சி வேறு. ஒரே கல்லில் பச்சையும் கறுப்பும் வெள்ளையும் ஒட்டிக்கொண்டு, பார்க்க அழகே இல்லாமல் இருக்கிறதே, அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். ஒரு கனிமம் இன்னொன்றாக மாறிய கதை அந்த ஒட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது. இதைக் காட்ட சேலம் அருமையான இடம்.

சேலம் நகருக்கு வடக்கே, ஏற்காடு மலைக்குக் கீழே, மாமாங்கம், கருப்பூர் பக்கம் திறந்தவெளி வெள்ளைக்கல் சுரங்கங்கள் இருக்கின்றன. வெள்ளைக்கல் என்பது மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் மிடில்மிஸ் 1896-லேயே இந்தக் குன்றுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்தக் கல்லைச் சுட்டால் கிடைக்கும் மெக்னீசியம் ஆக்சைடு உருகுவதற்குக் கிட்டத்தட்ட 2,800 டிகிரி செல்சியஸ் வேண்டும், அதனால் எஃகு உலைகளின் உள்பக்கச் செங்கலுக்கு இது போகிறது.

சுரங்கச் சுவரைப் பாருங்கள். பழுப்பேறிய ஒரு பாறை, அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை நரம்புகள், சில மயிரிழை மாதிரி, சில கையகலத்துக்கும் மேலே. அந்தப் பழுப்பு வெறும் மேல்தோல்தான், சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் உள்ளே பச்சை தெரியும். அதுதான் டியூனைட். இதில் 90 சதவீதத்துக்கு மேல் ஒலிவைன் என்ற ஒரே கனிமம், மெக்னீசியமும் கொஞ்சம் இரும்பும் சிலிக்காவோடு சேர்ந்தது. ஒலிவைன் பூமிக்கு அடியில், கடும் வெப்பத்தில் உருவாகிற கனிமம். மேலே வந்து தண்ணீரையும் கரியமில வாயுவையும் சந்தித்தால் அதற்கு நிலைகொள்ளாது, மாற ஆரம்பிக்கும்.

முதலில் தண்ணீர். விரிசல் வழியே இறங்கிய நீரோடு சேர்ந்து ஒலிவைன், தொட்டால் வழவழப்பாக இருக்கிற சர்ப்பன்டைன் ஆகிறது. அப்போது பாறை உப்பும், உப்புவதால் புது விரிசல் விடும், அந்த விரிசலில் இன்னும் நீர் இறங்கும். ஒலிவைனில் இருந்த இரும்பு வெளியே தள்ளப்பட்டு மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு துகளாகிறது. பாறைத்துண்டில் காந்தம் ஒட்டினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அப்புறம் கரியமில வாயு. நீரில் கரைந்து வருகிற வாயு, மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு மேக்னசைட்டாக விரிசல்களில் படிகிறது. மிச்சமாகிற சிலிக்கா எங்கே போகும்? பக்கத்திலேயே கால்சிடனியாக, அதாவது நுண்ணிய படிகங்களாலான குவார்ட்ஸாகப் படியும், அதனால் வெள்ளைக்கல்லை ஒட்டிக் கண்ணாடிபோல் கடினமான ஒரு கல் கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இந்த வேதிமாற்றத்தின் இன்னொரு விளைபொருள் அது. இப்படிப்பட்ட படிவங்களில் வாயு ஆழத்திலிருந்து ஏறி வந்ததா, மழைநீரோடு மண்வழியே இறங்கியதா என்பதில் ஆய்வாளர்களிடையே இரண்டு கட்சி உண்டு. எப்படி வந்திருந்தாலும் ஒரு கிலோ தூய மேக்னசைட்டுக்குள் சுமார் 520 கிராம் கரியமில வாயு சிறைப்பட்டிருக்கிறது. கையில் பிடித்திருக்கும் கல்லின் எடையில் பாதிக்கு மேல் ஒரு காலத்தில் வாயுவாக இருந்தது! எனக்கு இது இன்றும் ஆச்சரியம்தான். ஐஸ்லாந்தில் 2012-ல், கரியமில வாயுவை நீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்திப் பார்த்தார்கள், இரண்டே வருஷத்துக்குள் 95 சதவீதத்துக்கு மேல் கல்லாகிவிட்டது. அங்கே பாறை பசால்ட், விளைந்தது பெரும்பாலும் கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட், ஆனால் வேதியியல் இதே ரகம்.

சரி, கையிலிருக்கும் வெள்ளைக்கல் மேக்னசைட்தான் என்று எப்படித் தெரியும்? நிறத்தை நம்பவே கூடாது, கால்சைட்டும் வெள்ளை, குவார்ட்ஸும் வெள்ளை. கத்தியால் கீறுங்கள், குவார்ட்ஸிலும் கால்சிடனியிலும் கீறல் விழாது. கீறல் விழுந்தால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு. கால்சைட் என்றால் உடனே நுரைத்துப் பொங்கும். மேக்னசைட்டில் அந்தச் சொட்டு சும்மா உட்கார்ந்திருக்கும், பொடியாக்கிச் சூடான அமிலத்தில் போட்டால்தான் பொங்கும், அதை லேபில் செய்துகொள்ளலாம். சேலத்து மேக்னசைட்டின் படிகங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை, அதனால் உடைந்த முகம் மெருகு போடாத பீங்கான் மாதிரி வளைந்து மழமழவென்று இருக்கும்.

கறுப்புக் கனிமங்களில் இன்னொரு குழப்பம் வரும். டியூனைட்டுக்குள் குரோமியத் தாதுவான குரோமைட்டும் இருக்கும், மேக்னடைட்டும் இருக்கும், லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் இரண்டும் கறுப்புப் புள்ளிதான். மெருகில்லாத பீங்கான் ஓட்டில் தேயுங்கள், குரோமைட் பழுப்புக் கோடு போடும், மேக்னடைட் கறுப்புக் கோடு. காந்தமும் மேக்னடைட்டில்தான் பலமாக ஒட்டும்.

சர்ப்பன்டைன் எங்காவது நார் நாராகப் பிரிந்தால் அதை உடைக்க வேண்டாம், ஆஸ்பெஸ்டாஸ் வகையாக இருக்கலாம், தூசி நுரையீரலுக்கு ஆபத்து. சுத்தியல் எடுக்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். வெட்டுகிற இடத்துக்குச் சுரங்கத்தாரின் அனுமதியில்லாமல் போகவே கூடாது.

எடுக்கிற கல் கீழே உருண்டு கிடப்பதாக இல்லாமல், சுவரோடு ஒட்டிய பாறையிலிருந்து பெயர்த்ததாக இருக்கட்டும், கிடந்த கல் லாரியிலிருந்துகூட விழுந்திருக்கலாம். ஒரு முனையில் பச்சை டியூனைட், நடுவில் சர்ப்பன்டைன், மறுமுனையில் வெள்ளை நரம்பு, இப்படி ஒரு துண்டு கிடைத்தால் போதும். அதை லேபில் 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், ஒலிவைன் மணிகளின் விரிசல்களில் சர்ப்பன்டைன் வலைபோல ஓடுவது தெரியும். எடுத்த இடத்திலேயே கல்லின்மேல் எண் எழுதி, அதே எண்ணை நோட்டில் இடம், நரம்பு ஓடும் திசை, பக்கத்துப் பாறை ஆகியவற்றோடு குறித்து, செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றுங்கள். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், பையில் இருக்கிற வெள்ளைக்கல் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.