உள்ளே இருந்து ‘பொய்’ என்று குரல் வந்தால்

ஆலோசனைக்கு வந்த கல்லூரி மாணவி ஒருவர் நோட்டைத் திறந்து காட்டினார். ‘நான் தன்னம்பிக்கை மிக்கவள்’. தினமும் 21 தடவை, 40 நாளாக எழுதியிருக்கிறார். ஆனாலும் வகுப்பில் எழுந்து பேசச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

“எழுதும்போது மனசுக்குள்ள என்ன ஓடுது?” என்றேன். தயங்கிவிட்டுச் சொன்னார்: “பொய் சொல்லாதேன்னு ஒரு குரல் கேக்குது மேடம்.”

அந்தக் குரலை அடக்கத்தான் எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். நான் அதைக் கேட்கச் சொல்வேன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோவான் வுட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ‘நான் அன்புக்குரியவன்’ என்று சிலரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். தன்மதிப்பு உயர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் பலன் இருந்தது. தன்மதிப்பு குறைந்தவர்களோ, அப்படிச் சொல்லாமல் இருந்தவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். மருந்து யாருக்குத் தேவையோ அவருக்கே ஒத்துக்கொள்ளவில்லை.

நல்ல வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளும் இந்த வழக்கத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் பிரான்ஸைச் சேர்ந்த மருந்தாளுநர் எமில் கூவே (1857–1926). ‘ஒவ்வொரு நாளும் எல்லா விதத்திலும் நான் மேலும் மேலும் தேறி வருகிறேன்’ என்று காலையிலும் இரவிலும் 20 முறை சொல்லச் சொன்னார். எண்ணிக்கைக்கு 20 முடிச்சுப் போட்ட கயிறு. ‘நான் முழு நலமாக இருக்கிறேன்’ என்று அவர் சொல்லச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? ‘தேறி வருகிறேன்’ என்பதோடு மனம் அவ்வளவாகச் சண்டை போடாது.

அப்புறம், ‘ஆழ்மனத்துக்கு இல்லை என்ற சொல்லே புரியாது’ என்று மேடைகளில் சொல்கிறார்களே, அது மிகை. அடுப்பைத் தொடாதே என்றால் குழந்தைக்கே புரிகிறது. சிக்கல் வேறு. குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்ற கதை நமக்குத் தெரியும். உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் ‘வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள்’ என்று சொல்லிச் சோதித்ததும் அதைத்தான். ‘பயப்பட மாட்டேன்’ என்று சொல்லும்போதெல்லாம் பயத்தைத்தான் கூப்பிட்டு உட்கார வைக்கிறோம். அதனால் என்ன செய்யமாட்டீர்கள் என்பதை விட்டுவிட்டு, என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள்.

நாம் அதிகம் கவனிக்காத ஒன்று, மொழி. மனசுக்குள் யாரும் ‘மிக்கவள்’ என்று பேசிக்கொள்வதில்லை. வீட்டில் பேசுகிற தமிழிலேயே எழுதச் சொன்னேன். முக்கால் மணி நேரம் அடித்து அடித்து எழுதினோம். ‘நான் நல்லா பேசுவேன்’ என்றார். உடனே அவரே சிரித்துவிட்டார். ‘பேசப் பழகிக்கிட்டு வரேன்’ பரவாயில்லை, ஆனால் எப்போது, எங்கே என்று அதில் இல்லை. கடைசியில் வந்தது இது: ‘பேர் கூப்பிட்டதும், கை நடுங்கினாலும் எழுந்து முதல் ரெண்டு வரியைச் சொல்லிடுவேன்.’ சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். குரல் ஏதும் வந்ததா என்றேன். “இல்ல மேடம், ரெண்டு வரிதானே” என்றார்.

இன்ன நேரத்தில் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பதன் பலனை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்றால் வாக்கியம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416 எந்நேரமும் கிடைக்கும்.

மூன்று வாரம் கழித்து அந்த மாணவி வந்தார். நோட்டில் ‘ரெண்டு வரி’ அடிக்கப்பட்டு, மேலே பென்சிலில் ‘அஞ்சு’ என்று இருந்தது.