காற்றுச் சுரங்கமா, காற்றுப்புழையா?

போன வாரம் தொலைக்காட்சியில் விண்வெளிச் செய்தி ஒன்று ஓடியது. ஏவூர்தியின் மாதிரி 'காற்றுச் சுரங்கப்பாதையில்' சோதிக்கப்பட்டது என்று வாசித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகன், எட்டாம் வகுப்பு படிக்கிறவன், உடனே கேட்டான்: "அதை எங்க மாமா தோண்டியிருக்காங்க? எவ்வளவு ஆழம்?"

பையன் மேல் தப்பே இல்லை. சுரங்கப்பாதை என்றால் அவனுக்குப் படி இறங்கிப் போகும் இடம். சாலைக்கு அடியில் ஒன்று, மெட்ரோ ரயிலுக்கு ஒன்று. சுரங்கம் என்றால் நெய்வேலி. இப்படிச் சொல்லிக் கொடுத்துவிட்டு, தோண்டவே படாத ஒரு பொருளுக்கும் அதே பெயரை வைத்தால் வேறென்ன கேட்பான்? 'விண்ட் டன்னல்' என்பதற்கு இந்த மொழிபெயர்ப்பை எத்தனையோ தடவை கேட்டாயிற்று.

பொருள் இதுதான். விமானம் அசையாத காற்றைக் கிழித்துக்கொண்டு போவதும், அசையாத விமானத்தின் மேல் காற்று அதே வேகத்தில் வீசுவதும் இயற்பியலில் ஒன்றுதான். அதனால் ஒரு பெரிய குழலுக்குள் மாதிரியை ஒரு தண்டில் பொருத்திவைத்து, காற்றைச் செலுத்துகிறார்கள். காற்று வாய் வழியாக நுழைந்து, தேனடை போன்ற கண்ணறைகளில் சுழிப்பு அடங்கி, ஒடுங்கிய கழுத்தில் வேகம் பிடித்து மாதிரி மேல் பாய்கிறது. மாதிரியை அது எவ்வளவு தூக்குகிறது, எவ்வளவு பின்னுக்குத் தள்ளுகிறது என்று உணர்கருவிகள் அளக்கின்றன.

1871இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் வென்ஹாம் முதலில் செய்தது 12 அடி நீளமுள்ள ஒரு பெட்டி. நீராவி எந்திரம் விசிறியைச் சுழற்றியது. 1901இல் ரைட் சகோதரர்கள் தங்கள் சைக்கிள் கடையில் செய்ததும் 6 அடி நீள மரப்பெட்டிதான். ஏறக்குறைய 200 சிறகு மாதிரிகளை அதற்குள் வைத்துப் பார்த்தார்கள். இவர்களில் யாருமே மண்வெட்டியைத் தொடவில்லை.

நம் நாட்டில் இதற்குப் பெயர்போன இடம் பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகங்கள், சுருக்கமாக என்.ஏ.எல். 1959இல் தொடங்கிய நிறுவனம். அங்கே 1967 முதல் இயங்கும் 1.2 மீட்டர் காற்றுப்புழையில்தான் தேஜஸ் விமானத்தின் மாதிரிகளும் இஸ்ரோ ஏவூர்திகளின் மாதிரிகளும் சோதிக்கப்பட்டன. 1.2 மீட்டர் என்பது நீளமல்ல, மாதிரி நிற்கும் அறையின் அகலமும் உயரமும். ஒலியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கு மடங்கு வரை காற்று வீசும். அழுத்தி அடைத்துவைத்த காற்றைத் திறந்துவிடுகிறார்கள். வீச்சு சில பத்து நொடிகளில் முடிந்துவிடும், அப்புறம் மறுபடி காற்றை நிரப்ப வேண்டும்.

'காற்றுப்புழை' என்று எழுதிவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

சரி, முதலில் ஆங்கிலச் சொல். டன்னல் என்பது பழைய பிரெஞ்சில் பீப்பாயைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அது முதலில் பறவை பிடிக்கும் நீள்வலை, அப்புறம் புகைபோக்கிக் குழல், கடைசியில்தான் நிலத்தடி வழி. விண்ட் டன்னலில் இருப்பது அந்தக் குழல் பொருள். மொழிபெயர்த்தவர் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டார். இந்தியில் 'பவன் சுரங்' என்று இருப்பதும் அவருக்குத் துணிச்சல் கொடுத்திருக்கும். மற்ற மொழிகள் பொருளைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கின்றன. ஜெர்மன்காரர்கள் காற்றுக் கால்வாய் என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களின் சொல் துருத்தி போல ஊதும் அமைப்பைக் குறிக்கிறது.

சுரங்கத்துக்காக வாதாடுகிறவர்கள் ஒரு நல்ல ஆயுதம் வைத்திருக்கிறார்கள். சுரங்கம், பழந்தமிழில் வரும் சுருங்கை இரண்டும் கிரேக்கத்தின் 'சிரிங்ஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தவை என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். அந்தச் சொல்லின் பொருள் குழல், புல்லாங்குழல். அப்படியானால் வேரிலேயே குழல் இருக்கிறதே என்பது அவர்கள் கேள்வி. வேரில் இருக்கலாம், காதில் இல்லையே. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் யானைக்கூட்டம் போகும் சுருங்கை வீதியின் ஓரமாகப் போகிறான். அங்கேயே அது நிலத்தடி வழியாகிவிட்டது. சொல்லின் பொருளை முடிவு செய்வது இன்று கேட்கிறவர் மனம்தான், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய கிரேக்கர் அல்ல. சுரங்கம் வெளியிலிருந்து வந்த சொல் என்பதற்காகவும் நான் மறுக்கவில்லை. நிலக்கரிச் சுரங்கத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

'காற்றுக்குழாய்' எளிது, ஆனால் அது சைக்கிளுக்குக் காற்றடிக்கும் குழாயை நினைவுபடுத்துகிறது. 'காற்றுக்குகை' மறுபடி நம்மைப் பாறைக்குள் கொண்டுபோய் விடுகிறது.

புழை என்றால் உள்ளே வெற்றிடம் உள்ள குழல், துளை, ஒடுங்கிய வழி. யானையின் துதிக்கைக்குப் புழைக்கை என்று பெயர். காற்றையும் நீரையும் இழுத்து ஊதும் உறுப்புக்கு நம் முன்னோர் தேர்ந்த சொல் அது. மூக்குப்புழை என்கிறோமே, அதுவும் காற்று போகும் வழிதான். பழைய சொல், யாருக்குப் புரியும் என்பார்கள். வீட்டின் பின்பக்கத்தைப் புழக்கடை என்று சொல்லும் எல்லாருடைய வாயிலும் இந்தச் சொல் இருக்கிறது. புழைக்கடைதான் புழக்கடை ஆனது. சொல் சின்னது, அடுத்த சொல்லோடு ஒட்டவும் செய்யும். திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2017இல் திறந்தது ஒலியைவிடப் பல மடங்கு வேகத்துக்கான ஏற்பாடு. அதை மீயொலிப்புழை எனலாம். அங்கே அதனோடு வந்த 'ஷாக் டன்னலை' 'அதிர்ச்சிச் சுரங்கம்' என்று எழுதினால் ஏதோ விபத்துச் செய்தி போல இருக்கிறது. அதிர்வலைப்புழை என்றால் உள்ளே ஓடுவது அலை என்றாவது தெரியும்.

இந்தத் துறைச் செய்திகளில் இன்னும் இரண்டு சொற்கள் என்னை உறுத்துகின்றன. மாதிரி நிற்கும் இடத்தைச் 'சோதனைப் பிரிவு' என்கிறார்கள். பிரிவு என்றதும் நாற்காலியும் கோப்புகளும்தான் கண்முன் வருகின்றன; சோதனை அறை என்றால் போதும். இன்னொன்று 'வசதி'. 'நாட்டின் மிகப் பெரிய சோதனை வசதி' என்று எழுதுகிறார்கள். வசதி என்பது வீட்டில் தண்ணீர் வருவது, ஊருக்குப் பஸ் வருவது. எஃகும் காற்றும் அளவுகருவிகளுமாக நிற்கும் இடத்துக்குக் கூடம் என்ற சொல் நம்மிடம் எப்போதும் இருக்கிறது. ஆய்வுக்கூடம் என்று பள்ளியிலேயே சொல்லிப் பழகியவர்கள்தானே நாம், செய்தி எழுதும்போது மட்டும் அது எங்கே போகிறது?

மொழிபெயர்க்கிறவர்களுக்கு நேரம் இல்லை என்பது தெரியும். காலையில் வரும் அறிக்கை மதியச் செய்திக்குப் போக வேண்டும். ஆனால் அந்தக் கருவியின் படத்தை ஒரு நிமிடம் பார்த்திருந்தால் சுரங்கப்பாதை என்று கை எழுதியிருக்காது.

அன்று அவர்கள் வாசித்திருக்க வேண்டியது இவ்வளவுதான்: "ஏவூர்தியின் மாதிரி காற்றுப்புழையில் சோதிக்கப்பட்டது."