காண்டோமினியம் – கூட்டுடைமைக் குடியிருப்பு

வேலூரில், சத்துவாச்சாரியிலோ காட்பாடி காந்தி நகரிலோ, யாரும் "நான் காண்டோமினியத்தில் குடியிருக்கிறேன்" என்று சொல்வதில்லை. பேச்சில் ஃபிளாட், அபார்ட்மென்ட். எழுத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு, கொஞ்சம் அழகாக எழுத விரும்பினால் அடுக்ககம். ஆனாலும் இந்தச் சொல்லைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஃபிளாட் சங்கம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று வரும் சண்டைகளில் பாதி, இந்தச் சொல்லின் பொருள் புரியாததால் வருபவை.

சொல்லின் வேர் லத்தீன். 'கான்' என்றால் சேர்ந்து. 'டொமினியம்' என்றால் உடைமை, ஆட்சி. இரண்டும் சேர்ந்தால் கூட்டாக உடைமை கொள்வது. வீட்டுக்கு வருவதற்கு முன் இது நாடுகளைப் பற்றிய சொல்லாக இருந்தது. ஒரு நிலப்பரப்பை இரண்டு அரசுகள் சேர்ந்து ஆண்டால் அது காண்டோமினியம். 1899 முதல் 1956 வரை சூடானைப் பிரிட்டனும் எகிப்தும் அப்படித்தான் ஆண்டதாகக் கணக்கு. இன்றைய வனுவாட்டு, நியூ ஹெப்ரிடீஸ் என்ற பெயரில் 1906 முதல் 1980 வரை பிரிட்டன், பிரான்ஸ் இரண்டின் கையிலும் இருந்தது. அப்புறம்தான் வீட்டைக் குறிக்கும் அர்த்தம் பரவியது. போர்ட்டோ ரிக்கோ 1958இல் இதற்கென்று ஒரு சட்டம் இயற்றியது. 1961இல் அமெரிக்க மத்திய அரசு இப்படிப்பட்ட வீடுகளின் கடனுக்கும் காப்புறுதி தர, சொல் ஊர் ஊராகப் போனது.

ஆக, காண்டோமினியம் கட்டடத்தின் பெயர் இல்லை, உடைமை முறையின் பெயர். வீடு அவரவருக்குச் சொந்தம், நிலமும் பொதுப் பகுதிகளும் எல்லோருக்கும் சேர்ந்து சொந்தம். பத்து மாடி கட்டி எல்லா வீட்டையும் ஒரே முதலாளி வாடகைக்கு விட்டிருந்தால் அது அடுக்ககம்தான், காண்டோமினியம் ஆகாது. அதனால் 'அடுக்ககம்' இதற்குச் சரியான தமிழ் இல்லை என்பேன். அது உருவத்தை மட்டும் சொல்கிறது. சிங்கப்பூர்த் தமிழர் 'கூட்டுரிமை வீடு' என்கிறார்கள். இலங்கையில் 'கூட்டாதனம்', ஆதனம் என்றால் சொத்து. இரண்டும் நல்ல சொற்கள். என் தேர்வு 'கூட்டுடைமை'. உரிமை என்று மட்டும் சொன்னால் வாடகைக்கு இருப்பவருக்கும் ஓர் உரிமை உண்டு. உடைமை என்பது சொத்துக்காரருக்கு மட்டும் பொருந்தும். பொதுவுடைமையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது எல்லோருக்கும் சொந்தம், இது பத்திரத்தில் பெயர் உள்ளவர்களுக்குச் சேர்ந்து சொந்தம்.

வடாற்காட்டுக்காரர்களுக்கு இந்தக் கருத்து புதிதும் இல்லை. ஏரியும் கிணறும் நம்பி விவசாயம் செய்த மாவட்டம் இது. பழைய கிரயப் பத்திரங்களில் நிலத்தின் விவரத்துக்குப் பின்னால் 'கிணற்றில் நாலில் ஒரு பாகமும், வழிநடைப் பாத்தியமும்' என்று வரும். நிலம் அவரவருடையது, கிணறு பங்குதாரர் எல்லோருடையது. முறை வைத்து இறைப்பார்கள், தூர் வாரும் செலவைப் பாகத்தின்படி போட்டுக்கொள்வார்கள். பாதிக் கிணற்றைத் தனியாக வெட்டி எடுத்துப்போக யாராலும் முடியாது. ஃபிளாட் பத்திரத்தில் வரும் 'பிரிபடாத பாகம்', அதாவது யூடிஎஸ், இதே சங்கதிதான். நிலம், மாடிப்படி, லிஃப்ட், தண்ணீர்த்தொட்டி, மொட்டை மாடி எல்லாவற்றிலும் பங்கு உண்டு. பிரித்துத் தரச் சொல்லிக் கேட்க முடியாது.

சங்கத்தின் அதிகாரம் இந்தக் கூட்டுப் பகுதியிலிருந்துதான் பிறக்கிறது. தமிழ்நாட்டில் முதலில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. இப்போது அதன் இடத்தில் 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உடைமைச் சட்டம் 2024 மார்ச் 6 முதல் நடப்பில் இருக்கிறது. நான்கு வீடுகளோ அதற்கு மேலோ உள்ள கட்டடத்துக்கு இது பொருந்தும். ரெரா என்கிற, வீடு கட்டி விற்பதை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் கூடவே வருகிறது. சங்கம் அமையக் கட்டுநர் வழிசெய்ய வேண்டும். அதில் பங்கெடுப்பது வீடு வாங்கியவரின் கடமை என்று அது நேராகவே சொல்கிறது. கட்டமைப்பில் குறை தெரிந்தால், வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் தெரிவித்தால், கட்டுநர் 30 நாளில் செலவு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். தனி ஆளாகக் கேட்பதைவிடச் சங்கமாகக் கேட்டால் இது நடக்கும்.

மொட்டை மாடியும் திறந்தவெளி வாகன நிறுத்தமும் பொதுப் பகுதி என்று ரெராவிலேயே இருக்கிறது. மேல்தளத்து வீட்டை வாங்கியதாலேயே மாடி தனக்குத்தான் என்று பூட்டுப் போட ஒருவருக்கும் பாத்தியம் கிடையாது. திறந்தவெளியையும் தூண்தள வண்டி நிறுத்தத்தையும் கட்டுநர் தனிச் சொத்தாக விற்க முடியாது என்று 2010இலேயே உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிர வழக்கு ஒன்றில், தீர்ப்பளித்திருக்கிறது.

பராமரிப்புக் கட்டணம் விதிப்பதும் வசூலிப்பதும் சங்கத்தின் முதல் அதிகாரம். "நான் தரைத்தளம், லிஃப்ட் எனக்கு எதற்கு?" என்ற வாதம் நிற்காது. லிஃப்டிலும் அவருக்குப் பாகம் உண்டு. பயன்படுத்தாமல் இருப்பதால் பாகம் போய்விடுவதில்லை, செலவும் போய்விடாது. அதே நேரம், பாக்கி வைத்தவர் வீட்டுத் தண்ணீரை அடைப்பது சரியான வழியே இல்லை. கோடையில் பாலாறு மணலாகக் கிடக்க, மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீர் குழாயில் வரும் ஊர் இது. இங்கே அது கொடுமை. நோட்டீஸ், சட்டப்படி வசூல் நடவடிக்கை என்று போக வேண்டியதுதான்.

வீட்டுக்குள் சங்கத்தின் கை நீளாது. நாய் வளர்க்கக் கூடாது என்று தடைபோடச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை என இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. சிஎம்சி மருத்துவமனைக்கும் விஐடி பல்கலைக்கழகத்துக்கும் வருகிறவர்கள் வாடகைக்கு வீடு தேடும் ஊரில் 'மாணவர்களுக்கு விடாதே' என்று சங்கங்கள் தீர்மானம் போடுவதுண்டு. குடியிருப்போர் விவரம் கேட்கலாம், இரவுச் சத்தத்துக்கு விதி வைக்கலாம். யாருக்கு விடுவது என்பது அந்த வீட்டுக்காரர் பாடு என்றே நினைக்கிறேன்.

கடமைகள் பக்கம் வந்தால், கணக்கு. ஆண்டுக்கொரு பொதுக்குழு, தணிக்கை செய்த வரவு செலவு, பொதுச் சொத்துக்குக் காப்பீடு, லிஃப்டுக்கும் தீயணைப்புக் கருவிக்கும் முறையான பராமரிப்பு. செயலாளர் நல்லவர் என்பதால் கணக்குக் கேட்காமல் விடுவது அவருக்கும் நல்லதில்லை, சங்கத்துக்கும் நல்லதில்லை.

2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் முக்கியமான மாற்றம் மறுகட்டுமானம். முன்பு ஒருவர் முரண்டு பிடித்தாலும் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டுவது நின்றுபோகும். இப்போது மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் போதும். அப்போது பேரம் பேச ஒவ்வொருவர் கையிலும் இருக்கப்போவது பிரிபடாத பாகத்தின் அளவுதான். உங்கள் பத்திரத்தில் அது எத்தனை சதுர அடி என்று பாருங்கள். எல்லா வீட்டின் பாகத்தையும் கூட்டினால் மனையின் மொத்த அளவு வருகிறதா என்பதையும் சங்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.