படுகை என்றால் எது?

சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடக்கரை ஊர்களில் “அவர் படுகைக்குப் போயிருக்கார்” என்றால், கரைக்கும் ஆற்றுக்கும் நடுவில் உள்ள நிலத்தில் கத்தரிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். அதே சொல் புத்தகங்களில் ‘அமேசான் படுகை’ என்று வரும்போதுதான் குழப்பம். 60 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்த பரப்பு அது. நம் தமிழ்நாடு 1.3 லட்சம்தான். அத்தனையும் படுகையா?

படு என்றால் கிடத்தல், படிதல். வருகை, செய்கை மாதிரி ‘கை’ சேர்ந்து படுகை ஆயிற்று. வெள்ளம் ஏறி, வண்டலைப் படியவிட்டு இறங்கும் நிலம். 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் பெருகி வடிந்த பிறகு எங்கள் படுகையில் இறங்கினேன். கணுக்கால் வரை வழவழவென்று புது வண்டல், அதில் சாய்ந்து கிடந்த நாணல். கத்தரிச்செடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அடுத்து வைத்ததோ உரமே கேட்காமல் காய்த்தது.

புத்தகங்களில் படுகை என்று மொழிபெயர்க்கும் பேசின் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலம், கழுவும் வட்டிலைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல். வாஷ்பேசினும் அதே சொல்தான். நாலாபுறமும் விழும் மழை வட்டிலில் வடிவதுபோல ஓர் ஆற்றுக்கு வந்து சேரும் மொத்த நிலம் என்பது கருத்து. இதற்கு வடிநிலம் என்ற நல்ல சொல் இருக்கிறது. நம் பக்கத்து நீர்வளத்துறைப் பலகைகளில் ‘வெள்ளாறு வடிநிலக் கோட்டம்’ என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆகவே அமேசான் வடிநிலம் என்பதே சரி.

அப்படியானால் படுகை? அமேசானிலும் அசல் படுகை உண்டு. போர்த்துகீசிய மொழியில் வார்சியா என்பார்கள். ஆண்டிஸ் மலை மண்ணைச் சுமந்துவரும் கலங்கல் ஆறுகள் ஆண்டுதோறும் ஏறி இறங்கும் கரைநிலம் அது. சில இடங்களில் வெள்ளம் 10 மீட்டர் உயரும். அங்கே பலகைபோல் வேர் விரித்து நிற்கும் பெருமரங்களில் ஒன்று, நம் தலையணைக்குப் பஞ்சு தரும் அதே இலவம்! அங்கே அது 50 மீட்டரும் தாண்டும்.

வெள்ளம் எட்டாத நிலத்துக்கு அவர்கள் வைத்த பெயர் டெர்ரா ஃபிர்மே. வடிநிலத்தின் பெரும்பகுதிக் காடு அதில்தான். நாம் மேட்டுநிலம் என்றால் போதும். பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காட்டு மேடு எனக்கு நினைவுக்கு வரும். முந்திரியே பிரேசிலிலிருந்து வந்ததுதானே.

இகாப்போ மட்டும்தான் இடிக்கிறது. ரியோ நீக்ரோ போன்ற கருநீர் ஆறுகளின் கரையில் மாதக்கணக்கில் மூழ்கி நிற்கும் காடு அது. மட்கிய இலைகளின் சாறு இறங்கி, தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். வண்டல் மிகக் குறைவு, சத்தும் குறைவு. வெள்ளம் ஏறுகிற நிலம்தான் என்றாலும், படிவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தைப் படுகை என்று எழுதக் கை வரவில்லை. இப்போதைக்குக் கருநீர்க்காடு என்று எழுதிவருகிறேன்.