அறிவு பல்புக்குள்ளா, சுவிட்சுக்குள்ளா?

ராயபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீடு, செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டி, மேலே மெட்ராஸ் டெரஸ் தளம் போட்ட பழைய கட்டடம். கூடத்துச் சுவர் ஏறக்குறைய ஒன்றரை அடி கனம். அந்தக் கூடத்தில் முதல் ஸ்மார்ட் பல்பை மாட்டிய அன்று, கைப்பேசியைத் தொட்டதும் வெளிச்சம் மஞ்சளாகவும் வெள்ளையாகவும் மாறுவதைக் குடும்பமே கூடி நின்று பார்த்தது. அன்று இரவு எங்கள் ஆயா, எத்தனையோ ஆண்டுகளாகச் செய்து வருவதைப் போலவே, படுக்கப் போகும் முன் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டி விளக்கை அணைத்தார். மறுநாள் காலையில் அந்தப் பல்பைக் காணவில்லை என்றது கைப்பேசிச் செயலி. பல்பில் பழுது ஏதும் இல்லை. மின்சாரம் துண்டிக்கப்பட்டதும் அதற்குள் இருந்த ரேடியோவும் அடங்கிவிட்டது, அவ்வளவுதான். ஆயா செய்ததில் தவறு இல்லை. அறிவை, அதாவது கட்டளையைக் கேட்டு இயங்கும் மின்னணுப் பாகத்தை, எங்கே வைப்பது என்று யோசிக்காமல் பல்பை வாங்கி வந்தவன் நான்.

ஸ்மார்ட் பல்பின் உள்ளே என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். சாதாரண எல்.இ.டி. பல்பில் இரண்டு பாகங்கள் முக்கியம். ஒன்று, வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தைக் குறைந்த அழுத்த நேர்மின்சாரமாக மாற்றும் டிரைவர். மற்றொன்று, ஒளியைத் தரும் சில்லுகள். சில்லு தருவது உண்மையில் நீல ஒளி. அதன் மேல் பூசிய மஞ்சள் நிற ஒளிர்பொருள், நீலத்தில் ஒரு பகுதியை விழுங்கி மஞ்சளாக உமிழ, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. திறன் மிக்க நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காகத்தான் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஸ்மார்ட் பல்பில் இவற்றோடு கட்டளையைச் செயல்படுத்தும் குட்டிக் கணினியான ஒரு நுண்கட்டுப்படுத்தியும் ஒரு ரேடியோவும் சேர்கின்றன. வெளிச்சத்தைப் பாதியாக்கச் சொன்னால், பெரும்பாலான பல்புகள் சில்லை மங்கலாக எரிய விடுவதில்லை. ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான முறை அணைத்து அணைத்து ஏற்றி, எரியும் நேரத்தையும் அணைந்திருக்கும் நேரத்தையும் சரிபாதியாக்குகின்றன. கண்ணால் அந்த வேகத்தைப் பிரித்தறிய முடியாததால் சீரான மங்கல் ஒளியாகத் தோன்றுகிறது. நிறமாற்றமும் இதே தந்திரம்தான்: மஞ்சள் சாயலும் வெள்ளைச் சாயலும் கொண்ட இரு வகைச் சில்லுகளுக்கு நேரத்தைப் பங்கிட்டுக் கொடுத்தால், ஒளியின் சாயலை அளக்கும் கெல்வின் கணக்கில் மஞ்சள் கலந்த 2700 முதல் நீலம் கலந்த 6500 வரை நினைத்த வெண்மையைப் பெறலாம். விளக்கைக் குறைக்கும் வேலையைப் பல்பே செய்துகொள்வதால், அதைப் பழைய ரெகுலேட்டர் உள்ள இணைப்பில் மாட்டக் கூடாது; இரண்டும் ஒன்றையொன்று குழப்பிப் பல்பு துடிக்கும், சில நேரம் டிரைவரே கெட்டுவிடும்.

கட்டளைக்காகக் காத்திருக்கும் ரேடியோ, விளக்கு அணைந்திருக்கும்போதும் விழித்திருக்க வேண்டும். அதற்கு அரை வாட் செலவாகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஒரு பல்பு இரண்டு மாதத்தில் வெறுமனே காத்திருப்பதற்கே 0.72 யூனிட் எடுக்கிறது. ஒன்பது வாட் பல்பு நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் அதே இரண்டு மாதத்தில் ஆகும் செலவு 2.7 யூனிட். எரிவதற்கு ஆகும் மின்சாரத்தில் கால் பங்குக்கும் மேல் காத்திருப்புக்குப் போகிறது என்பது கவனிக்கத்தக்கது. பத்து பல்புகளுக்கு ஏழு யூனிட்டுக்குச் சற்று மேல். தொடக்க யூனிட்டுகளுக்குக் கட்டணம் இல்லாத தமிழ்நாட்டு வீட்டில் இது பையைக் கடிக்கும் தொகை அன்று, ஆனால் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காகவே ஸ்மார்ட் பல்பு வாங்குகிறேன் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். முன்பு வீட்டுக்கு வீடு எரிந்த 'ஜீரோ வாட்ஸ்' பல்பும் பெயரில்தான் பூஜ்யமாக இருந்தது.

மாற்று வழி, அறிவைச் சுவிட்சுக்குள் வைப்பது. ஏற்கெனவே இருக்கும் சுவிட்சுக்குப் பின்னால், தீப்பெட்டி அளவே உள்ள ஒரு சிறு மாட்யூலைப் பொருத்திவிட்டால், சுவரில் தட்டினாலும் விளக்கு எரியும், கைப்பேசியில் சொன்னாலும் எரியும். தட்டி அணைத்த பிறகும் மாட்யூலுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருப்பதால் இணைப்பு அறுபடுவதில்லை. பல்பு எந்தக் கடையில் வாங்கிய மலிவான எல்.இ.டி.யாகவும் இருக்கலாம். நிறமாற்றம் மட்டும் கிடைக்காது. பலர் சேர்ந்து வாழும் வீட்டில், விருந்தினரும் குழந்தைகளும் கை வைக்கும் கூடத்துக்கும் சமையலறைக்கும் இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. ஸ்மார்ட் பல்பைப் படிக்கும் மேசைக்கும் படுக்கை அருகில் உள்ள விளக்குக்கும் வைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் நியூட்ரல் என்ற சிக்கல் வருகிறது. மாட்யூல் எப்போதும் விழித்திருக்க வேண்டுமானால், அதற்கென்று ஒரு முழு மின்சுற்று தேவை: பேஸ் கம்பி உள்ளே வர வேண்டும், நியூட்ரல் கம்பி வழியே திரும்பிப் போக வேண்டும். ஆனால் சாதாரண சுவிட்சுக்கு நியூட்ரலே தேவையில்லை. பேஸை வெட்டி ஒட்டுவது மட்டுமே அதன் வேலை. நம் ஊர் வீடுகளில் கூடத்துச் சுவிட்ச் போர்டில் பெரும்பாலும் ஒரு பிளக் பாயிண்டும் இருப்பதால், அதற்காக இழுத்து வந்த நியூட்ரல் அங்கேயே கிடைத்துவிடும். மாடிப்படியிலும் குளியலறை வாசலிலும் தனியாக நிற்கும் ஒற்றைச் சுவிட்சுக்குப் பின்னால் அது இருப்பது அரிது. வாங்கும் முன்பே எலெக்ட்ரீஷியனை அழைத்து, மெயினை அணைத்துவிட்டு, ஒவ்வொரு போர்டையும் கழற்றிப் பார்க்கச் சொல்வது நல்லது. பழைய வயரிங்கில் பேஸுக்குப் பதிலாக நியூட்ரலை வெட்டும் சுவிட்சுகளும் அப்போது அகப்படும். அவை சுவிட்ச் அணைந்த பிறகும் ஹோல்டரில் உயிர்மின்சாரத்தை நிறுத்தி வைப்பவை என்பதால், ஸ்மார்ட்டோ இல்லையோ, உடனே மாற்ற வேண்டியவை.

நியூட்ரல் தேவைப்படாத சுவிட்சுகளும் விற்கின்றன. அவை தமக்கு வேண்டிய சிறு மின்னோட்டத்தை விளக்கின் வழியாகவே திருப்பி அனுப்புகின்றன. குண்டு பல்பு இருந்த காலத்தில் இது பிரச்சினையே இல்லை, ஏனெனில் அந்தச் சிறு மின்னோட்டத்தால் இழை சூடேறாது. எல்.இ.டி.யின் டிரைவரிலோ, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு மின்தேக்கி இருக்கிறது. கசிந்து வரும் மின்னோட்டம் அதைச் சொட்டுச் சொட்டாக நிரப்பி, நிரம்பியதும் விளக்கு ஒரு கணம் மின்னி அணையும். அணைத்த விளக்கு இருட்டில் சில நொடிக்கு ஒருமுறை கண்சிமிட்டுவதைக் கண்டு பயந்தவர்கள் இருக்கிறார்கள். விளக்குக்கு இணையாக ஹோல்டரில் ஒரு சிறு பைபாஸ் மின்தேக்கியைப் பொருத்தினால் கசிவு அதன் வழியே போய்விடும். சுவிட்சோடு அதையும் பெட்டியில் வைத்துத் தருகிறார்களா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்தது ரேடியோ. வை-ஃபை, ஜிக்பீ (வீட்டுச் சாதனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒரு ரேடியோ முறை), புளூடூத் ஆகிய மூன்றுமே வீட்டு விளக்குகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசுகின்றன. அந்த அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். கனமான சுண்ணாம்புச் சுவரும் கம்பி கட்டிய கான்கிரீட்டும் அதை வெகுவாகத் தளர்த்துகின்றன, இரும்பு பீரோவோ திருப்பி அடித்துவிடுகிறது. சுவருக்குள் புதைத்த இரும்புப் பெட்டியில் மாட்யூலை வைத்தால் அதன் குரல் முன்புறமாக மட்டுமே வெளியே கேட்கும். வியாசர்பாடி, தண்டையார்பேட்டை போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் வேறொரு தொல்லையும் உண்டு: ஒரே சுவரைப் பகிரும் வீடுகளின் வை-ஃபை ரவுட்டர்கள் எல்லாம் 1, 6, 11 என்ற மூன்றே அலைத்தடங்களில் நெருக்கியடித்துக்கொண்டு பேசுகின்றன.

ஜிக்பீயின் சிறப்பு, அது வலைப்பின்னலாக இயங்குவது. மின்சாரத்தோடு நிலையாக இணைந்த ஒவ்வொரு சாதனமும் அடுத்ததற்குச் செய்தியைக் கைமாற்றிக் கொடுக்கும் என்பதால், ஒன்றரை அடிச் சுவரைத் துளைத்துச் செல்ல முடியாத கட்டளை, நடைபாதைச் சுவிட்ச் வழியாகச் சுற்றிக்கொண்டு பின்கட்டைச் சேர்ந்துவிடும். இந்தச் சங்கிலியில் ஸ்மார்ட் பல்பு ஒரு கண்ணியாக இருந்து, அதை யாராவது சுவரில் அணைத்துவிட்டால், வேறு சுற்றுவழி இல்லாதபோது அதற்குப் பின்னால் உள்ளவையும் சேர்ந்து ஊமையாகும். அறிவு சுவிட்சுக்குள் இருக்கட்டும் என்று சொல்வதற்கு இது இன்னொரு காரணம். ஜிக்பீக்கு, சாதனங்களை ரவுட்டரோடு இணைக்கும் ஹப் என்ற பெட்டி ஒன்று தேவை என்பது கூடுதல் செலவு. 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் என்ற பொது நெறிமுறையை ஏற்கும் சாதனங்களாகப் பார்த்து வாங்கினால், வெவ்வேறு நிறுவனத்துப் பொருள்களும் ஒரே செயலியின் கீழ் வருவது எளிதாகும்.

கட்டளை போகும் பாதையையும் கேட்டு வாங்க வேண்டும். மலிவான பல சாதனங்களில், கூடத்தில் உட்கார்ந்து அதே கூடத்து விளக்கை அணைக்கச் சொன்னாலும், செய்தி ரவுட்டரைத் தாண்டி எங்கோ உள்ள சர்வருக்குப் போய்த் திரும்புகிறது. அந்தச் சர்வர் சிங்கப்பூரில் இருப்பதாக வைத்துக்கொண்டாலும், கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால், போய் வரும் பயணத்தை நாம் உணர்வதற்குள் அது முடிந்துவிடும். இணையம் அறுந்துபோனால்தான் சங்கடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்தபோது வடசென்னையின் பல தெருக்கள் நாள்கணக்கில் மின்சாரமும் இணையமும் இல்லாமல் கிடந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்குள்ளேயே, இணையமின்றி இயங்கும் என்று உறுதி தரும் சாதனமே நமக்கு ஏற்றது. இன்வர்ட்டர் உள்ள வீடுகளில் ரவுட்டரையும் ஹப்பையும் இன்வர்ட்டர் லைனில் இணைக்க மறந்துவிடுகிறோம். கரண்ட் போனால் விளக்குகள் எரியும், ஆனால் கட்டளை கேட்காது. போன மின்சாரம் நள்ளிரவில் திரும்பும்போது எல்லாப் பல்பும் ஒரேயடியாக எரிந்து வீட்டை எழுப்புவதும் உண்டு. செயலியில் 'மின்சாரம் திரும்பினால் பழைய நிலை' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாக இருப்பவர்கள் வெளி விளக்குக்குக் கூடுதல் கவனம் தர வேண்டும். உப்புக் காற்றில் உள்ள குளோரைடு, ஈரத்தோடு சேர்ந்து செப்புத் தடங்களையும் முனைகளையும் அரிக்கிறது. வாசலுக்கும் மொட்டை மாடிக்கும் ஐ.பி.65 தரம் குறித்த விளக்கே வேண்டும். அதில் 6 என்பது தூசி புகாது என்பதையும், 5 என்பது பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்பதையும் குறிக்கும். வெளிச்சுவரில் அறிவுள்ள பாகத்தை வைக்காமல், விளக்கை மட்டும் வெளியே விட்டு மாட்யூலை உள்ளே வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

மாடிப்படிக்கு ஆளைக் கண்டு எரியும் சென்சார் வைத்தோம். அது நம் உடல் உமிழும் அகச்சிவப்பு வெப்பத்தைத் தேடுகிறது; முன்னால் உள்ள பிளாஸ்டிக் வில்லை, பார்வைப் பரப்பை விரல் விரலாகப் பிரிக்க, ஒரு விரலிலிருந்து மற்றொன்றுக்கு வெப்பம் தாவும்போது விளக்கு எரிகிறது. உடம்புக்கும் பின்னணிக்கும் உள்ள வெப்ப வேறுபாடே அதன் கண். அக்னி நட்சத்திரத்தில், நாள் முழுக்க வெயில் குடித்த படிக்கட்டுச் சுவரும் நம் தோலும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைக்கு வந்துவிட, சென்சார் குருடாகிறது. படிக்கு நேர் எதிரே மாட்டியிருந்ததைக் கழற்றி, ஏறுபவர் விரல்களைக் குறுக்கே கடந்து போகும்படி பக்கச் சுவருக்கு மாற்றிய பிறகு நிலைமை ஓரளவு சீரானது. ஆனாலும் மே மாத மாலைகளில் ஆயா இன்னும் சுவிட்சைத் தட்டித்தான் படியேறுகிறார். மாட்யூல் சுவிட்சுக்குப் பின்னால் இருப்பதால், அவருக்கு எந்த வேறுபாடும் தெரிவதில்லை.