அந்த ஒன்பது கஜம் எதை அளந்தது?

ஒன்று விடாமல் முழுசாக என்று சொல்ல அமெரிக்கர்கள் 'தி ஹோல் நைன் யார்ட்ஸ்' என்பார்கள். முழு ஒன்பது கஜம். நமக்கு உடனே மடிசார்தான் ஞாபகம் வரும். அவர்களுக்கு எது?

அதிகம் பேர் நம்புவது போர்விமானக் கதை. இரண்டாம் உலகப் போரில் விமானத் துப்பாக்கியின் தோட்டா வரிசை 27 அடி, அதாவது ஒன்பது கஜம். அத்தனையையும் எதிரி மீது சுட்டுத் தீர்ப்பதுதான் 'முழு ஒன்பது கஜம்' என்பார்கள். கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. கான்கிரீட் லாரியின் கொள்ளளவு ஒன்பது கன கஜம் என்பார் இன்னொருவர். ஆனால் 1962-ல் அங்கே ஓடிய லாரிகளின் சராசரி ஆறரையைக்கூடத் தொடவில்லை. அமெரிக்கக் கால்பந்திலிருந்து வந்தது என்பது இன்னும் வேடிக்கை. அதில் நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். ஒன்பதில் நின்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும்!

சரி, உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய அச்சில் அந்தச் சொல்லைத் தேட வேண்டும். ஒரு கதை நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு முன்பே சொல் அச்சில் இருந்தால், அந்தக் கதை அவுட். நாளிதழ்கள் கணினியில் ஏறிய பிறகு இந்த வேட்டை சூடுபிடித்தது. யேல் சட்டக் கல்லூரி நூலகர் ஃப்ரெட் ஷபிரோவும், நரம்பியல் ஆய்வாளரான போனி டெய்லர்-பிளேக்கும் இதில் முன்னணி. 1956-ல் கென்டக்கியின் வேட்டை, மீன்பிடி இதழ் ஒன்றில் ஒன்பது கஜம் கிடைத்தது. அப்புறம்தான் திருப்பம்: 1921-ல் தென் கரோலினா நாளிதழ்த் தலைப்பில் 'முழு ஆறு கஜம்'. 1912-ல் கென்டக்கியிலும் ஆறுதான். பிறகு 1907-ல் இண்டியானாவின் மிட்செல் ஊர்ப் பத்திரிகை, உள்ளூர் பேஸ்பால் ஆட்டம் பற்றிய அறிவிப்பில், 'முழு ஒன்பது கஜத்துக்கு எங்களால் உறுதி தர முடியாது' என்கிறது. போர்விமானமே பிறக்காத காலம் அது.

ஆறும் ஒன்பதும் ஒரே காலத்தில் புழங்கியிருக்கின்றன. உண்மையான பொருள் ஒன்றை அளந்திருந்தால் எண் இப்படி மாறுமா? 'எனக்கு நூத்தியெட்டு வேலை இருக்கு' என்பவரிடம் நாம் பட்டியல் கேட்பதில்லையே, அது போலத்தான் இந்த எண்ணும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1912-ல் கென்டக்கிக்காரர் எழுதியதும், சண்டை முற்றினால் அரசியல்வாதிகள் தங்கள் கட்சியின் முறைகேடுகளை 'முழு ஆறு கஜமும் சொல்லிவிடுவார்கள்' என்றுதான். அங்கே நீண்டது துணியல்ல, பேச்சு. கதையை அளப்பது நமக்கும் பழக்கம்தானே. தோட்டாக் கதையை இன்றும் அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.